சிலுவை எதைச் சாதித்தது: எந்த விளக்கத்தை முதுகெலும்பாக வைப்பது?

வாலிபர் வேதபாடத்தில் சிலுவையைப் பற்றி நாலு வாரம் எடுக்கச் சொல்லி எனக்குப் பொறுப்பு வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம்தானே, குறிப்பு எழுத ஒரு சாயங்காலம் போதும் என்று உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார். இதை எந்தச் சபையும் மறுக்காது. ஆனால் அந்த "பாவங்களுக்காக" என்ற சொல்லின் வால் இருக்கிறதே, அதில்தான் இரண்டாயிரம் வருட வாக்குவாதம் முழுவதும் தொங்குகிறது. நமக்குப் பதிலாக மரித்தாரா, நம்மை மீட்கிற விலையாக மரித்தாரா, நம் மனதைத் திருப்ப மரித்தாரா, மரணத்தையே உடைக்க மரித்தாரா?

கிறிஸ்து யார் என்பதை 325-இல் நிசேயாவிலும் 451-இல் கல்கெதோனிலும் கூடி வார்த்தை வார்த்தையாக வரையறுத்த திருச்சபை, அவருடைய மரணம் எப்படி இரட்சிக்கிறது என்பதற்கு அந்த மாதிரி ஒரு வரையறையை எழுதவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் நமக்காகவும் நமது இரட்சிப்புக்காகவும் என்று வருகிறது, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று வருகிறது, அவ்வளவுதான். ஆகவே பாடம் எடுக்கிறவர் யாராக இருந்தாலும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு தேர்வு செய்துதான் பேசுகிறார். தெரிந்தே செய்யலாம் என்று நினைத்தேன்.

என்னை உறுத்திக்கொண்டிருந்த இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் ஞாயிறு பள்ளியில், பத்து வயது இருக்கும், ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அக்கா, நான் தப்பு செஞ்சதுக்கு அப்பா எங்க அண்ணனை அடிச்சா அவருக்குக் கோபம் தீர்ந்திடுமா? அது நியாயமா?" அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. நான் அன்று சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே புரிந்துகொண்டு கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது அவன் வாலிபர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அதனால் ஒவ்வொரு விளக்கத்திடமும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். சிலுவை யாரை நோக்கிச் செயல்பட்டது: தேவனையா, பிசாசையா, மனிதனையா? அப்புறம், இதில் அன்பு எங்கே நிற்கிறது: சிலுவைக்கு முன்னாலா, பின்னாலா? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் போயிற்று.

பழைய விளக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மாற்கு 10:45-இல் இயேசுவே, அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்ததாகச் சொல்கிறார். மீட்கும்பொருள் என்றால் அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கிற விலை. சரி, விலை என்றால் வாங்கிக்கொண்டது யார்? மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், பிசாசு என்றார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி அதைத் தூண்டிலாகவே வர்ணித்தார்: மாம்சம் இரை, அதற்குள் மறைந்திருந்த தெய்வத்துவம் முள், பிசாசு இரை என்று விழுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டான். கேட்கச் சுவாரசியம்தான், ஆனால் தேவன் ஏமாற்றி ஜெயித்தார் என்று ஆகிவிடுகிறதே. அதே காலத்தில் வாழ்ந்த நசியான்சின் கிரகோரியால் இதைப் பொறுக்க முடியவில்லை. கொள்ளைக்காரனுக்குத் தேவன் விலை கொடுப்பதா, வெட்கக்கேடு என்றார். அப்படியானால் பிதாவுக்குக் கொடுத்ததா என்று தானே கேட்டு, ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்தபோதே வாங்காதவர் தம் குமாரனுடைய இரத்தத்தில் எப்படிப் பிரியப்படுவார் என்று அதையும் தள்ளினார். அந்தப் பையனின் கேள்வி ஆயிரத்து அறுநூறு வருடப் பழசு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விலையை யார் வாங்கியது என்ற கணக்கை விட்டுவிட்டால் இந்த விளக்கத்தின் பலம் தெரியும். இஸ்தான்புல்லில் முன்பு கோரா ஆலயமாக இருந்த கட்டடத்தில் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது, கிழக்கத்திய சபைகள் உயிர்த்தெழுதலை எப்படி வரைகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளை உடையில் கிறிஸ்து காலை அகல வைத்து நடுவில் நிற்கிறார், ஒரு கை ஆதாமை இழுக்கிறது, மறு கை ஏவாளை. இரண்டு பேரும் கல்லறைப் பெட்டிக்குள்ளிருந்து பாதி வெளியே வந்திருக்கிறார்கள். காலடியில் உடைந்த பாதாளக் கதவுகள், இருட்டில் சிதறிக் கிடக்கிற பூட்டுகள், கட்டுண்டு கிடக்கிற ஒரு உருவம். உற்றுப் பார்த்தால் அவர் பிடித்திருப்பது அவர்களுடைய மணிக்கட்டை. கையைப் பிடித்தால் அவர்களும் பதிலுக்குப் பிடிக்க வேண்டியிருக்கும். மணிக்கட்டு என்றால் முழுக்க அவருடைய பிடி.

எபிரெயர் 2:14 இந்தப் பக்கம்தான் பேசுகிறது: மரணத்துக்கு அதிகாரியாகிய பிசாசானவனைத் தமது மரணத்தினாலே அழித்தார். 1930-இல் சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாஃப் ஆவுலேன், ஆதி சபையின் விளக்கம் இந்த வெற்றிதான், மற்றவை பின்னால் வந்தவை என்று வாதாடிய பிறகு புரொட்டஸ்டன்ட் உலகத்திலும் இதற்கு மறுபடி மவுசு வந்தது. பயத்திலும் அடிமைத்தனத்திலும் இருக்கிறவர்களிடம், குடியை விட முடியாதவர், சாவைக் கண்டு நடுங்குகிறவர், இப்படிப்பட்டவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இதில் அன்பு முன்னால் நிற்கிறது, தேவன் நம் பக்கம் நின்று சண்டை போடுகிறார். குறை எங்கே என்றால், நான் வெறும் கைதி இல்லை. நான் ஒருவருக்குச் செய்த துரோகத்தை நான்தான் செய்தேன், பிசாசு என்னைக் கட்டிவைத்திருந்தான் என்று சொன்னால் துரோகம் செய்யப்பட்டவருக்கு அது பதிலாகாது. குற்றம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு வெற்றிப் படம் மட்டும் போதவில்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பழைய குரலும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் ஐரேனியு, ஆதாம் கெடுத்த மனித வாழ்க்கையைக் கிறிஸ்து ஆரம்பத்திலிருந்து வாழ்ந்து சரிசெய்தார் என்றார். நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியு, அழிவுக்குள் விழுந்த மனித இயல்பை வார்த்தையானவர் தாமே எடுத்துக்கொண்டு உயிர்ப்பித்தார் என்றார். பாவத்தை நோயாகப் பார்க்கிற பார்வை இது. அழகானது, சிலுவையைப் பெத்லகேமிலிருந்து பிரிக்காமல் வைத்திருப்பது. ஆனால் நாலு வாரப் பாடத்துக்கு இதை மட்டும் முதுகெலும்பாக வைத்தால் பெரிய வெள்ளியின் அந்த ஆறு மணி நேரம் கரைந்து போகிறது.

அடுத்தது அன்செல்ம். பலர் இவரையும் கால்வினையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், நானும் பல வருடம் குழப்பினேன். கேன்டர்பரியின் பேராயராக இருந்த இவர் 1098-இல் "தேவன் ஏன் மனிதரானார்" என்ற நூலை முடித்தார். போசோ என்ற சீடர் கேட்க, இவர் பதில் சொல்கிற உரையாடல் அது. ஒரு இடத்தில் அன்செல்ம் கேட்கிறார்: அந்தப் பக்கம் பார் என்று ஒருவர் சொல்கிறார், பார்க்கவே கூடாது என்று தேவன் சொல்கிறார், பார்க்காவிட்டால் உலகமே அழியும் என்றாலும் தேவனுடைய சித்தத்துக்கு விரோதமாக ஒரு பார்வை பார்ப்பாயா? போசோவால் பார்ப்பேன் என்று சொல்ல முடியவில்லை. பாவத்தின் பாரம் எவ்வளவு என்று நீ இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்று அதே அத்தியாயத்தில் அவரிடம் சொல்கிறார் அன்செல்ம். பாவம் என்பது தேவனுக்குச் சேர வேண்டிய கனத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. அதற்கு ஒன்று ஈடு, இல்லையென்றால் தண்டனை. மனிதன்தான் ஈடுகட்ட வேண்டும், தேவனால்தான் முடியும், அதனால் தேவமனிதர் தேவைப்பட்டார்.

அந்த "ஒன்று, இல்லையென்றால்" என்பதைக் கவனியுங்கள். அன்செல்முக்கு ஈடும் தண்டனையும் மாற்று வழிகள். கிறிஸ்து ஈடு செலுத்தினார், அதனால் தண்டனை தேவைப்படவில்லை. கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்று அவர் சொல்லவே இல்லை. கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத தம் உயிரைக் குமாரன் மனமுவந்து பிதாவுக்குக் கொடுத்தது எல்லாக் கடனையும்விடப் பெரியது என்பதுதான் அவருடைய வாதம். கத்தோலிக்க இறையியலில் இன்றும் இதன் சாயல் பலமாக இருக்கிறது. இதைப் படித்த பிறகு ஒன்று தெளிவானது: சிலுவை தேவனை நோக்கியது என்று சொன்னாலே அடி விழுகிற படம்தான் வர வேண்டும் என்பதில்லை.

தண்டனைப் படத்தைக் கூர்மையாக்கியது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள். லூத்தருக்கு கலாத்தியர் 3:13, நமக்காகச் சாபமாகி. சட்டம் படித்த கால்வினுக்கு நியாயாசனமும் தீர்ப்பும். நாம் நிற்க வேண்டிய கூண்டில் அவர் நின்றார், நம்மேல் விழ வேண்டிய ஆக்கினை அவர்மேல் விழுந்தது. இதைத்தான் பதிலாள் விளக்கம் என்கிறார்கள். ஏசாயா 53-ஐ வாசிக்கிற யாரும் இதை வேதத்துக்கு வெளியே இருந்து வந்தது என்று சொல்ல முடியாது. நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது. குற்ற உணர்வில் தூங்க முடியாமல் கிடக்கிறவனுக்கு, "உன் கணக்கு தீர்ந்தது, திரும்பத் திறக்கமாட்டார்கள்" என்று சொல்ல இந்த விளக்கத்தால்தான் முடியும். நானே அந்த நிலையில் கிடந்து இதைப் பிடித்துத்தான் எழுந்தேன், அதனால் இதை லேசில் விடமாட்டேன்.

ஆனால் எதிர்க்கேள்விகளும் லேசானவை இல்லை. 1594-இல் வெளிவந்த நூலில் ஃபாஸ்டஸ் சோசினஸ் என்ற இத்தாலிய இறையியலாளர் அடுக்கியவை இன்றும் அதே கூர்மையோடு இருக்கின்றன. கடனை இன்னொருவர் கட்டலாம், தண்டனையை எப்படி இன்னொருவர் வாங்க முடியும்? முழுக்கக் கட்டிவிட்டால் அதற்குப் பெயர் வசூல், மன்னிப்பு எப்படி ஆகும்? லூக்கா 15-இல் அந்தத் தகப்பன் எந்த ஈடும் கேட்காமல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாரே? சோசினஸ் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையும் மறுத்தவர், அவர் போன இடத்துக்கு நான் போகமாட்டேன். கேள்விகளுக்கு மட்டும் நேர்மையாகப் பதில் தேடினேன்.

பதில் கிடைத்த முதல் இடம் கால்வினே. தேவன் நம்மேல் கோபமாக இருந்தார், கிறிஸ்து மரித்தார், பிறகு அன்புகூர ஆரம்பித்தார் என்று புரிந்துகொள்ளாதீர்கள் என்று அவரே அகஸ்தீனை மேற்கோள் காட்டி எச்சரிக்கிறார். தேவன் அன்புகூர்ந்ததால்தான் பலி வந்தது. ரோமர் 5:8-உம் 1 யோவான் 4:10-உம் அதே வரிசையில்தான் இருக்கின்றன. 1986-இல் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் இதை இன்னும் கறாராகச் சொன்னார்: மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்துவந்து தண்டிக்கவில்லை, தேவன் தம்மையே நமக்குப் பதிலாக வைத்தார். பிதா வேறு மனதோடும் குமாரன் வேறு மனதோடும் நிற்கிற படத்தை வைத்துப் பாடம் எடுத்தால், நாம் விளக்குவது பதிலாள் கொள்கையே இல்லை, அதன் கேலிச்சித்திரம். நான் அந்தப் பையனிடம் வரைந்து காட்டியது அதைத்தான்.

இரண்டாவது இடம் லேவியராகமம் 16. பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் வருகின்றன. ஆசாரியன் கையை வைத்து ஜனங்களின் பாவங்களை அறிக்கையிடுவது உயிரோடிருக்கிற போக்காட்டின் தலைமேல், அதைக் கொல்வதில்லை, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொல்லப்படுகிறது மற்றது, அதன் இரத்தம் திரைக்கு உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்பட்டு, பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுகிறது. நாம் பேசும்போது இரண்டையும் ஒரே ஆடாக்கி, பாவத்தை ஏற்றி அடித்துக் கொன்றார்கள் என்று சொல்லிவிடுகிறோம். வேதம் இரண்டு வேலையைப் பிரித்துக் காட்டுகிறது: பாவம் சுமந்துகொண்டு போகப்படுகிறது, இரத்தம் சுத்தமாக்குகிறது.

ரோமர் 3:25-இல் வருகிற கிருபாதார பலி என்ற சொல்லையும் பாருங்கள். மூலத்தில் உள்ள ஹிலாஸ்தேரியோன் என்ற கிரேக்கச் சொல்தான் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் கிருபாசனத்துக்கும் நிற்கிறது. அது கோபத்தைத் தணிப்பதா, பாவத்தைத் துடைப்பதா என்று 20-ஆம் நூற்றாண்டில் புதிய ஏற்பாட்டு அறிஞர்களான சி. எச். டாட் ஒரு பக்கமும் லியோன் மாரிஸ் இன்னொரு பக்கமும் நின்று வாதாடினார்கள். மாரிஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ரோமர் முதல் அதிகாரத்திலேயே தேவகோபம் பேசப்படுகிறது, அதை இல்லாததாக்க முடியாது. ஆனாலும் நம்முடைய தமிழ் வேதாகமம் கிருபாசனம், கிருபாதார பலி என்று இரண்டிலும் கிருபையை முன்னால் வைத்திருக்கிறதே, அதை வாசிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அபெலார்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்செல்முக்கு அடுத்த தலைமுறையின் பிரெஞ்சு இறையியலாளர், 1142-இல் இறந்தவர். குற்றமற்றவனின் இரத்தத்தை ஒருவர் விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்று ரோமர் நிருப விளக்கவுரையில் கேட்டார். சிலுவை மனிதனை நோக்கியது, அந்த அன்பைக் கண்டு நம் இருதயம் பற்றிக்கொள்கிறது என்றார். கேட்டுக் கேட்டு மரத்துப்போன, சபையிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வேண்டும். இதை மட்டும் வைத்தால் ஒரு ஓட்டை விழுகிறது. இரத்தம் தேவைப்படாத ஒருவரின் கட்டிலருகே நின்று ஒருவர் தன் இரத்தத்தையெல்லாம் எடுத்துக் கீழே ஊற்றினால் அது அன்பைக் காட்டாது, திகிலைத்தான் காட்டும். சிலுவை ஏதோ ஒன்றை உண்மையில் செய்திருந்தால்தான் அது அன்பின் அடையாளமாகவும் இருக்க முடியும்.

அப்புறம் யாருக்காக என்ற கேள்வி. இதைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, ஏனென்றால் சிலுவை இரட்சிப்பை முடித்ததா, வழியைத் திறந்ததா என்பது இதில்தான் தெரியவரும். 1610-இல் நெதர்லாந்தில், அர்மீனியஸ் என்ற இறையியலாளரின் சீடர்கள், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், விசுவாசிக்கிறவனுக்கே பலன் என்று எழுதிக்கொடுத்தார்கள். 1618-19-இல் அங்கே டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் சங்கம், பிதா தெரிந்துகொண்டவர்களையே அந்த மரணம் உறுதியாக மீட்கிறது என்று பதில் சொன்னது. அதே டோர்ட், அந்த மரணம் முழு உலகத்தின் பாவத்துக்கும் தாராளமாகப் போதுமான மதிப்புள்ளது என்றும் எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்தாரும் ஆச்சரியப்படுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பியூரிட்டன் இறையியலாளர் ஜான் ஓவன் வைத்த முடிச்சு பிரபலமானது: கிறிஸ்து எல்லாருடைய எல்லாப் பாவத்துக்கும் தண்டனை அனுபவித்திருந்தால் ஏன் எல்லாரும் இரட்சிக்கப்படவில்லை? அவிசுவாசத்தினால் என்றால், அவிசுவாசமும் பாவம்தானே?

இந்த முடிச்சு தண்டனையை ரூபாய் பைசா கணக்காக எடுத்துக்கொண்டால் மட்டுமே இறுகுகிறது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் 1617-இல் டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோட்டியஸ் சோசினஸுக்குப் பதில் எழுதும்போது, தேவன் கடன்கொடுத்தவர் இல்லை, ஆளுகிறவர், நீதியின் ஒழுங்கு காக்கப்படும் விதத்தில் மன்னிக்கிறார் என்று வேறு பாதை போட்டார். அர்மீனியஸின் வழியில் வந்த பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது கொஞ்சம் குளிர்ச்சியாகத் தெரிகிறது, உலகத்துக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை காட்டியது போல. 1 யோவான் 2:2-இல் சர்வலோகத்தின் பாவங்களையும் என்று இருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துவோடு இணைக்கப்படும்போது அந்தப் பலி நம்முடையதாகிறது. ஓவனுக்கு முழுப் பதில் இல்லைதான், ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற எந்தப் பிள்ளையிடமும் "உனக்காக மரித்தார்" என்று கூசாமல் சொல்ல எனக்கு இதனால் முடிகிறது.

ஆக, முடிவு. முதுகெலும்பாக வைத்தது பதிலாள் விளக்கம்தான், ஆனால் ஸ்டாட் சொன்ன வடிவத்தில், தேவனே சுமந்தார் என்று. கொலோசெயர் 2-இல் 14-ஆம் வசனம் நமக்கு விரோதமான கையெழுத்தைச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது, 15-ஆம் வசனம் துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு வெற்றிசிறந்தார் என்கிறது. பிசாசின் கையில் இருந்த ஆயுதமே நம் குற்றப்பத்திரம்தான், அது கிழிந்ததும் அவன் கை வெறுங்கை. பவுல் ஒரே மூச்சில் சொன்னதை நான் இரண்டு கட்சியாக்க விரும்பவில்லை. அதனால் முதல் வாரம் இரண்டு ஆடுகள், இரண்டாம் வாரம் பதிலாள், மூன்றாம் வாரம் வெற்றியும் அந்தக் கோரா ஓவியமும், நாலாவது வாரம் நாம் பின்பற்ற வேண்டிய மாதிரியாகச் சிலுவை. அபெலார்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1 பேதுரு 2 பாடுகளின் அடிச்சுவடுகளைப் பின்பற்றச் சொல்வது அடிபடுகிற வேலைக்காரர்களிடம். வீட்டில் அடிவாங்குகிற பெண்ணிடம் இந்த வசனத்தை எடுத்து நீட்டிப் பொறுத்துக்கொள் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுமந்து தீர்த்தவர் இன்னொருவர் என்பதை முதலில் கேட்காதவர்களிடம் மாதிரியைப் பற்றிப் பேசக் கூடாது, அப்போதும் அடிக்கிறவனுக்குச் சாதகமாகப் பேசக் கூடாது.

இரண்டாம் வாரம் முடிந்ததும் அந்தப் பையன் இருந்த இடத்துக்குப் போய், பழைய கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். "அன்று நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா அண்ணனை அடித்த கதை இல்லை அது. பிதா மரிக்கவில்லை, குமாரன்தான் மரித்தார், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே மனது. ஒருவனும் என் ஜீவனை எடுப்பதில்லை, நானே கொடுக்கிறேன் என்று யோவான் 10-இல் இயேசு சொல்கிறார். உன் தப்பை அந்த வீடே சேர்ந்து தன்மேல் எடுத்துக்கொண்டது" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ ஏன் அக்கா, என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்னு கத்தினார்?" என்று கேட்டான்.

இந்தத் தடவை மழுப்பவில்லை. அது சங்கீதம் 22-இன் முதல் வரி, வீட்டுக்குப் போய் முதல் வரியோடு நிறுத்தாமல் தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமல் என்று வருகிற 24-ஆம் வசனம் வரைக்கும் வாசி, அடுத்த வாரம் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.